விரல் மடித்து எண்ணிய முடிவு: ஆதிக் கிறிஸ்தவரின் காலக்கணக்கும் நமது வாசிப்பும்

நோன்புக்கு முந்திய ஒரு பின்னேரம் குருநகர்க் கரைக்குப் போயிருந்தேன். கரையூர் என்று பழைய பெயர் கொண்ட கத்தோலிக்க மீனவர் ஊர். நமது சோனகத் தெருவிலிருந்து சைக்கிளில் போனால் அதிக நேரம் எடுக்காது. எனக்குப் பழக்கமான ஒரு பெரியவர் அங்கே வலை திருத்திக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் கேட்டார்: "தம்பி, உலகம் முடிய இன்னும் ஐம்பது வருசந்தான் கிடக்குதெண்டு உங்கட ஆக்கள் ஆரோ பேசினதை என்ர பேரன் போனில போட்டுக் காட்டினான். உண்மையே?"

அந்தப் பேச்சை நானும் கேட்டிருந்தேன். இந்த உம்மத் ஹிஜ்ரி 1500ஐத் தாண்டாது, இப்போது 1447, மிச்சத்தை நீங்களே கழித்துப் பாருங்கள் என்று போகிறது அது. அதே பேச்சின் முற்பகுதியில், கிறிஸ்தவர்கள் காலங்காலமாக முடிவுக்கு நாள் குறித்துத் தோற்றுப்போனவர்கள் என்ற கேலியும் இருக்கிறது. அடுத்த வீட்டாரின் கணக்கைப் பார்த்துச் சிரித்துவிட்டு, அதே கணக்கை நம் வீட்டுச் சுவரில் எழுதுகிறோம்!

"நீங்கள் என்ன நினைக்கிறியள் அண்ணை?" என்று திருப்பிக் கேட்டேன்.

"எங்களுக்கு ஒருக்கா முடிஞ்சது, 93இல. பேந்து அடுத்த நாளும் விடிஞ்சது. செத்த ஆக்களை அடக்கவேணும், கோயிலைத் திருத்தவேணும். உலகம் முடிஞ்சதெண்டு இருக்க ஏலுமே?"

இந்தக் கட்டுரை அந்தப் பேச்சாளருக்கு எழுதும் மறுப்பல்ல. அவரைப் போல் பேசுபவர்கள் பலர், எழுதுபவர்களும் உண்டு. நான் விமர்சிக்க விரும்புவது அந்த வாசிப்பு முறையை. ஆதிக் கிறிஸ்தவர்கள் ஏன் கணக்குப் போட்டார்கள், அந்தக் கணக்கு எப்படி எப்படி மாறியது என்று பார்க்காமல் அவர்களைக் கேலி செய்வது அறியாமை. நமது கிதாபுகளிலும் அதே கணக்கு ஓடியிருப்பதைச் சொல்லாமல் விடுவதற்கு என்ன பெயர் வைப்பது என்று வாசகர்களே தீர்மானிக்கலாம்.

ஆறு நாள், ஆறாயிரம் ஆண்டு

கணக்கின் அடிப்படை எளிது. இறைவன் ஆறு நாளில் உலகைப் படைத்து ஏழாம் நாள் ஓய்ந்தான் என்பது யூத, கிறிஸ்தவ வேத மரபு. (ஓய்வு என்பதை நாம் ஏற்பதில்லை, இறைவனைக் களைப்புத் தீண்டவில்லை என்பது ஸூரா காஃபின் கருத்து.) இறைவனுக்கு ஆயிரம் ஆண்டு ஒரு நாள் போன்றது என்ற கருத்து சங்கீதம் 90இலும் பேதுருவின் இரண்டாம் கடிதத்திலும் வருகிறது. இரண்டையும் பெருக்கினால் உலகத்தின் ஆயுள் 6000 ஆண்டு. அதன்பின் ஆயிரம் ஆண்டு ஓய்வு. பர்னபாவின் கடிதம் என்று அழைக்கப்படும் மிகப் பழைய கிறிஸ்தவ நூலின் 15ஆம் அதிகாரத்தில் இந்தப் பெருக்கல் வெளிப்படையாகவே இருக்கிறது. இரண்டாம் நூற்றாண்டின் இறுதியில் இரனேயுவும் இதைச் சொல்கிறார்.

ஆயுள் தெரிந்தாயிற்று. இனி இப்போது எத்தனையாவது ஆண்டு என்று தெரிந்தால் மிச்சம் தெரியும். அதற்கு வேதத்திலுள்ள வமிச வரலாறுகளைக் கூட்டினார்கள். ஆதம் (அலை) அவர்களுக்கு இத்தனை வயதில் சீத் பிறந்தார், சீத்துக்கு இத்தனை வயதில் இன்னார் பிறந்தார் என்று கூட்டிக்கொண்டே வருவது.

சிக்கல் இங்கேதான் ஆரம்பிக்கிறது. அலெக்சாந்திரியாவில் கிரேக்க மொழிக்குப் பெயர்க்கப்பட்ட எழுபதின்மர் பிரதியில் சீத் பிறக்கும்போது ஆதமுக்கு வயது 230. எபிரேயப் பிரதியில் 130. பின்வரும் பல தலைமுறைகளிலும் இப்படி நூறு நூறாக வித்தியாசம். முடிவில் இரு பிரதிகளுக்கும் இடையே ஆயிரம் ஆண்டுக்கு மேல் விலகல் வந்துவிடுகிறது. ஆதிக் கிறிஸ்தவர்கள் பெரும்பாலும் கிரேக்கப் பிரதியை வாசித்தவர்கள். ஆகவே அவர்களுடைய உலகம் யூதர்களின் உலகத்தைவிட வயதில் மூத்தது.

முடிவைத் தள்ளிவைத்த கணக்கு

நமது கேலிப் பேச்சுகளில் ஒருபோதும் வராத ஒரு விடயம் உண்டு. ஆதிக் கிறிஸ்தவ அறிஞர் கணக்குப் போட்டது முடிவு நெருங்கிவிட்டது என்று பயமுறுத்துவதற்கு மட்டுமல்ல. அது இன்னும் தூரத்தில் இருக்கிறது என்று மக்களை அமைதிப்படுத்தவும் அவர்கள் அதைப் போட்டார்கள்.

கி.பி. 204ஐ ஒட்டி ஹிப்பொலித்து என்பவர் தானியேல் ஆகமத்துக்கு ஓர் உரை எழுதினார். இன்று கிடைக்கும் மிகப் பழைய கிறிஸ்தவ வேத உரைகளில் ஒன்று அது. செப்டிமியு செவேரு பேரரசனின் காலத்துத் துன்புறுத்தலை மக்கள் கண்ணால் கண்ட நேரம். இதுதான் கடைசிக் காலம் என்று பலர் நம்பினார்கள். அப்படி நம்பியவர்களுக்கு என்ன நடந்தது என்று ஹிப்பொலித்து இரண்டு சம்பவங்களைச் சொல்கிறார்.

முதலாவது சிரியாவில். ஒரு சபைத் தலைவர் ஆண், பெண், பிள்ளைகள் எல்லோரையும் கூட்டிக்கொண்டு கிறிஸ்துவை எதிர்கொள்ளப் பாலைநிலத்துக்குப் போய்விட்டார். மலையிலும் வழியிலும் அலைந்த அந்தக் கூட்டத்தைக் கொள்ளைக்காரர் என்று எண்ணி ஆளுநர் வெட்டிப்போட இருந்தான். அவனுடைய மனைவி விசுவாசியாக இருந்தபடியால் தப்பினார்கள். இரண்டாவது பொந்து நாட்டில். அங்கே இருந்த தலைவர் பக்திமான், தாழ்மையானவர். ஆனால் வேதத்தைவிடத் தன் கனவுகளை நம்பினார். ஒரு வருடத்தில் நியாயத்தீர்ப்பு வரும், வராவிட்டால் வேதத்தையே நம்பவேண்டாம் என்றுவிட்டார். சனங்கள் வயலை விட்டார்கள். பலர் உடைமைகளை விற்றார்கள். வருடம் முடிந்தது, ஒன்றும் வரவில்லை. விற்றவர்கள் பிச்சை எடுக்கும் நிலைக்கு வந்தார்கள்.

இதைச் சொல்லிவிட்டுத்தான் ஹிப்பொலித்து தன் கணக்கை வைக்கிறார். உடன்படிக்கைப் பெட்டியின் நீளம் இரண்டரை முழம், அகலம் ஒன்றரை, உயரம் ஒன்றரை, கூட்டினால் ஐந்தரை. ஆகவே கிறிஸ்து பிறந்தது உலகத்தின் 5500ஆம் ஆண்டில். 6000க்கு இன்னும் 500 ஆண்டு தேவை. அவருடைய காலத்தில் மிச்சம் ஏறத்தாழ 300. "போய் வயலைப் பாருங்கள், இப்ப ஒண்டும் முடியப்போறதில்லை" என்று நம்மூர் மொழியில் அதைச் சொல்லலாம். சில ஆண்டுகள் கழித்து யூலியு ஆபிரிக்கானு கி.பி. 221 வரை வரும் தனது உலக வரலாற்றிலும் அதே 5500ஐ வைத்தார். கிறிஸ்தவ உலகில் வரலாற்றுக் காலவரிசை என்னும் துறை இப்படித்தான் வளர்ந்தது. எகிப்து, பாபிலோன், கிரேக்கம், உரோமம் எல்லாவற்றின் அரசர் பட்டியலையும் ஒரே வரிசையில் நிறுத்திப் பார்க்கும் உழைப்புக்கு முடிவு பற்றிய இந்தக் கவலையும் ஒரு தூண்டுதல்.

ஆனால் தள்ளிவைத்த நாளும் ஒருநாள் வந்து சேரும்தானே. நான்காம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லக்தாந்தியு இன்னும் 200 ஆண்டுக்கு மேல் இல்லை என்று எழுதிவிட்டார். 300 ஆண்டுக்கு ஒத்திவைத்த மருந்து அடுத்த தலைமுறைகளுக்கு நோயாகிவிட்டது.

எண் மாறிய இடங்கள்

செசரியாவின் எவுசேபியு நான்காம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முடித்த காலவரிசையில் கிறிஸ்து பிறப்பு 5500இலிருந்து ஏறத்தாழ 5199க்கு இறங்குகிறது. அதை கி.பி. 380 அளவில் ஜெரோம் லத்தீனுக்கு மாற்றி விரித்தார். இதனால் 6000ஆம் ஆண்டு கி.பி. 500இலிருந்து 800 அளவுக்குத் தள்ளிப்போனது. அந்த 800ம் நெருங்கி வந்தபோது இங்கிலாந்தின் பீட் என்னும் துறவி எபிரேயப் பிரதியைக் கூட்டி 3952 என்றார். ஆயர் வில்பிரிட்டின் முன்னிலையில் சிலர் அவரை வேத விரோதி என்று பேசியதும், அதற்கு அவர் 708இல் கடிதமாக மறுப்பு எழுதியதும் பதிவில் உள்ளன. இன்னும் எத்தனை ஆண்டு மிச்சம் என்று வந்து கேட்பவர்கள் மீது அவருக்கு இருந்த சலிப்பு அந்தக் கடிதத்தில் தெரிகிறது. 725இல் எழுதிய பெரிய நூலில் அவர், தியொனீசியு 525இல் தொடக்கிவைத்த கிறிஸ்து ஆண்டு முறையைப் பரப்பினார். இன்று உலகம் முழுவதும் நாட்காட்டியில் எழுதும் ஆண்டு அதுதான். அந்த முறையில் உலகத்தின் வயது தெரியவேண்டியதில்லை. ஆகவே மிச்சமும் தெரியாது.

ரிச்சர்ட் லாண்டஸ் என்ற வரலாற்றாசிரியர் 1988இல் எழுதிய ஆய்வில், ஒவ்வொரு முறை 6000 நெருங்கியபோதும் திருச்சபை அறிஞர் எண்ணை மாற்றினார்கள், முடிவைப் பற்றிய பதற்றத்தை அடக்குவதே உள்நோக்கம் என்று வாதிட்டார். கவர்ச்சியான வாதம். நம் பேச்சாளர்கள் கையில் கிடைத்தால் "கணக்கைத் திருத்திய பாதிரிகள்" என்று தலைப்பே போட்டுவிடுவார்கள். ஆனால் நிதானமாகப் பார்க்கவேண்டும். எவுசேபியு எண்ணைக் குறைத்ததற்குக் கையில் சான்று இருந்தது. பல இனத்தாரின் பட்டியல்களை ஒப்பிட்டவர் அவர். ஆதமிலிருந்து ஆபிரகாம் வரை உள்ள பகுதியில் பிரதிகள் முரண்படுவதைக் கண்டு, தன் அட்டவணையை ஆபிரகாமின் பிறப்பிலிருந்தே தொடங்கினார். பீட்டும் ஜெரோம் போற்றிய எபிரேயப் பிரதியைப் பின்பற்றினார். ஓர் எண் வசதியாக இருப்பதும் அது சான்றால் வந்ததும் ஒரே நேரத்தில் நடக்கக்கூடியவை. உள்நோக்கத்தை மட்டும் தேடும் விமர்சனம் பாதி விமர்சனமே.

அகுஸ்தீனின் வழி வேறு. 'கடவுளின் நகரம்' நூலின் 18ஆம் பாகத்தில் 400, 500, 1000 என்று ஆண்டு குறிப்பவர்களைப் பார்த்து, விரல் மடித்து எண்ணுவதை விட்டுக் கையை ஓயவிடச் சொல்கிறார். அவருடைய ஆதாரம் எளிது: காலங்களை அறிவது உங்களுக்குரியதல்ல என்று ஈஸா (அலை) சீடர்களிடம் சொன்னதாக அவர்களுடைய வேதத்திலேயே இருக்கிறது. மாற்கு 13இல், அந்த நாழிகை மகனுக்கும் தெரியாது, தந்தைக்கே தெரியும் என்ற கருத்து வருகிறது.

அப்படியிருந்தும் எண் சாகவில்லை. பாப்பரசர் 13ஆம் கிரகரி 1584இல் உறுதிப்படுத்திய உரோமப் புனிதர் நினைவேட்டில், நத்தார் அறிவிப்பு 5199ஆம் ஆண்டு என்றே தொடங்கியது. உரோம வழிபாட்டு முறையில் துறவிமடங்களில் அது லத்தீனில் வாசிக்கப்பட்டது. குருநகரில் நிற்கும் மரியன்னை பேராலயமும் அந்த உரோம முறைக்கு உரியதே. அதே யாழ்ப்பாணத்துக்கு 1816இலிருந்து வந்த அமெரிக்க மிஷனரிமாரின் உலகிலோ, ஆங்கில விவிலியத்தின் ஓரத்தில் அஷர் என்ற ஆயர் 1650இல் கணித்த கி.மு. 4004 அச்சிடப்படுவது வழக்கமாயிருந்தது. ஒரே வேதத்தை நம்பிய இரு சபையாருக்கு இரண்டு ஆதியாண்டுகள். இடைவெளி 1195 ஆண்டு! நினைவேட்டின் புதிய பதிப்பில் 5199 இல்லை. எண்ண முடியாத காலம் என்ற பொருளில் எழுதிவிட்டார்கள். தவறைக் கண்டு எண்ணை எடுத்தவர்களை நாம் பாராட்டவேண்டுமே தவிர, எடுத்துவிட்டார்கள் பார்த்தீர்களா என்று சிரிக்கக்கூடாது.

நமது வீட்டுக் கணக்கு

இனி நம் பக்கம் வருவோம். இமாம் தபரி (ஹிஜ்ரி 310இல் மறைந்தவர்) தமது பெரும் வரலாற்றைத் தொடங்குவதே உலகத்தின் ஆயுள் எவ்வளவு என்ற கேள்வியோடுதான். 7000 ஆண்டு என்று இப்னு அப்பாஸ் (ரழி) வழியாகவும் 6000 என்று கஃபுல் அஹ்பார் வழியாகவும் வரும் அறிவிப்புகளைத் தருகிறார். பர்னபா கடிதத்தின் அதே பெருக்கல்! ஹிஜ்ரத் வரை யூதர் கணக்கில் 4642 ஆண்டு, கிறிஸ்தவர் கணக்கில் 5992 ஆண்டு என்றும் பதிகிறார்.

தானும் மறுமை நாளும் இரு விரல்களைப் போல் அனுப்பப்பட்டதாக நபி (ஸல்) அவர்கள் சுட்டுவிரலையும் நடுவிரலையும் காட்டிய ஹதீஸ் பிரபலமானது. நெருக்கத்தைக் காட்டிய அந்தச் சைகையைத் தபரி அளவுகோலாக எடுக்கிறார். இரண்டு விரல்களின் நீள வித்தியாசம் ஏழில் ஒன்றின் பாதி. ஆகவே 7000இல் மிச்சம் 500 ஆண்டு. இந்த உம்மத்துக்கு அரை நாள் தவணை உண்டு என்ற இன்னோர் அறிவிப்பையும் துணைக்கு அழைக்கிறார். அகுஸ்தீன் ஓயச் சொன்ன விரல் வேறு, இந்த விரல் வேறு. ஆனால் கணக்குப் போடும் ஆசை ஒன்றுதான். ஹிஜ்ரி 500 வந்தது, போனது. இப்னு கல்தூன் தமது முகத்திமாவில், தபரியின் இந்தக் கணிப்பு பொய்த்துவிட்டதை மழுப்பாமல் எழுதுகிறார். தபரியின் மதிப்பு அதனால் குறையவில்லை. நமது அறிவு மரபின் மதிப்பு அதனால் கூடியது.

ஹிஜ்ரி 898இல் (கி.பி. 1493) இமாம் ஸுயூத்தியிடம் ஒரு கேள்வி வந்தது. ஆயிரம் ஆண்டு நிறையுமுன் மறுமை வந்துவிடும் என்று ஒருவர் பத்வா கொடுத்திருந்தார். மக்கள் கலங்கியிருந்தார்கள். ஸுயூத்தி அதை மறுத்து ஒரு சிறுநூல் எழுதினார்: உம்மத்தின் காலம் ஆயிரத்தைத் தாண்டும், ஆனால் 1500ஐ எட்டாது. ஹிப்பொலித்து செய்ததை அப்படியே பாருங்கள்! கலங்கியவர்களை ஆற்றுப்படுத்த, கைக்கெட்டாத தூரத்தில் ஓர் எண். அன்றைக்கு அது ஆறுதல். கி.பி. 2076இல் ஹிஜ்ரி 1500 பிறக்கப்போகும் நமக்கு அதே வரி மிரட்டலாகிவிட்டது. ஸுயூத்தி எழுதிய சந்தர்ப்பத்தை மறைத்துவிட்டு எண்ணை மட்டும் உருவி எடுத்தால், அந்த இமாமுக்கே அநியாயம் செய்கிறோம்.

ஒரு நாள் ஆயிரம் ஆண்டு போன்றது என்ற கருத்து குர்ஆனிலும் (ஸூரா அல்ஹஜ் 47) இருக்கிறதே என்று கேட்கலாம். உண்மைதான். ஆனால் ஸூரா அல்மஆரிஜில் அம்பதாயிரம் ஆண்டு அளவுள்ள நாளும் வருகிறது. ஆகவே அது பெருக்கல் வாய்பாடு இல்லை என்பது வெளிப்படை. அந்த நேரம் எப்போது என்ற அறிவு இறைவனிடம் மட்டுமே என்று அல்அஃராப் 187இல் தீர்க்கமாகச் சொல்லப்பட்ட பிறகு விரல் மடிக்க இடமே இல்லை.

மாற்று மதத்தாரின் கணக்கை எப்படி வாசிப்பது என்பதற்கு நமக்கு முன்மாதிரி இல்லாமலில்லை. அல்பிரூனி கி.பி. 1000ஐ ஒட்டி எழுதிய 'அல்ஆதாருல் பாகியா'வில், ஆதமிலிருந்து அலெக்சாந்தர் வரை யூதரிடம் 3448 ஆண்டு, கிறிஸ்தவரிடம் 5180 ஆண்டு என்று இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கிறார். ஒருவர் மற்றவர் மீது சுமத்தும் குற்றச்சாட்டையும் சொல்கிறார். பிரதிகள் எங்கே பிரிகின்றன என்று பார்க்கிறார். கேலி இல்லை. ஆயிரம் ஆண்டுக்கு முன் நமக்குள் ஒருவர் நின்ற இடத்துக்கு நாம் இன்னும் திரும்பிப் போகவில்லை.

எண்ணவேண்டிய நாள்கள்

குருநகர்ப் பெரியவர் சொன்ன 93 என்ன என்பது வாசகர் சிலருக்குத் தெரிந்திருக்காது. 1993 நவம்பர் 13 அன்று விமானப்படையின் குண்டு குருநகர் புனித யாகப்பர் ஆலயத்தின் மீது விழுந்து மக்கள் இறந்தார்கள். அதற்கு ஏழு ஆண்டு முன், 1986 ஜூன் 10 அன்று, மண்டைதீவுக் கடலில் 31 மீனவர்கள் கொல்லப்பட்டார்கள்; பெரும்பாலும் குருநகர்க்காரர். நமக்கு 1990 ஒக்டோபர். வட மாகாண முஸ்லிம்கள் ஏறத்தாழ 75,000 பேரை விடுதலைப் புலிகள் வெளியேற்றினார்கள். யாழ்ப்பாண நகரத்தில் அது ஒக்டோபர் 30. கொடுக்கப்பட்ட அவகாசம் இரண்டு மணித்தியாலம்.

அந்த நாளைப் பற்றிக் கேட்டால் நம் மூத்தவர்கள் "கியாமத்து நாள் மாதிரி இருந்திச்சு" என்பார்கள். துயரத்தின் மொழி அது; அதில் குறை காண யாருக்கும் உரிமை இல்லை. ஆனால் அந்த "மாதிரி" என்ற சொல்லைக் கழற்றிவிட்டு, இவையெல்லாம் கடைசிக் கால அடையாளங்கள் என்று மேடையில் அடுக்கும்போது நடப்பது வேறு. அடையாளத்துக்குக் குற்றவாளி கிடையாது. குண்டு போட்டவனும் துப்பாக்கி காட்டி வெளியேற்றியவனும் விதியின் எழுத்துக்களாகிவிடுகிறார்கள். யார் கட்டளை இட்டது, எந்த வீடு யார் கையில் போனது, யார் திரும்பி வரவில்லை என்ற கேள்விகள் அடிபட்டுப் போகின்றன. முடிவு எப்போது என்ற கணக்கு, நடந்தது என்ன என்ற கணக்கை விழுங்கிவிடுகிறது. என் விமர்சனத்தின் மையம் இதுதான்.

ஹிப்பொலித்து சொன்ன பொந்து நாட்டுக்காரர் வயலை விற்றார்கள். நாம் விற்றுக்கொண்டிருப்பது ஞாபகத்தை. 1990இல் முப்பது வயதாயிருந்தவருக்கு இன்று அறுபத்தைந்துக்கு மேல். சோனகத் தெருவில் எந்த வளவில் யார் இருந்தார், எந்தக் கடை யாருடையது, எந்த வண்டியில் எங்கே போய் இறங்கினார்கள் என்பதைத் தேதியோடு சொல்லக்கூடியவர்கள் ஒவ்வொருவராக மௌத்தாகிறார்கள். பள்ளிவாசல் பதிவுகள், காணி உறுதிகள், கலியாணப் பதிவுகள், புத்தளத்து முகாம்களில் எழுதிய பெயர்ப் பட்டியல்கள் ஆகியவற்றை வைத்து, எவுசேபியு ராச்சியங்களுக்குச் செய்ததை நாம் ஒரு தெருவுக்குச் செய்யலாம். முடிந்தால் குருநகர்க்காரரின் 86ஐயும் 93ஐயும் பக்கத்து நிரலில் வைத்து. இரண்டு சமூகமும் ஒருவர் நாளை மற்றவர் அறியாமல் இத்தனை காலம் அடுத்தடுத்து வாழ்ந்துவிட்டோம்.

மறுமை எப்போது என்று ஒருவர் வந்து கேட்டபோது, அதற்காக நீ என்ன தயார் செய்திருக்கிறாய் என்று நபி (ஸல்) அவர்கள் திருப்பிக் கேட்டது புகாரியில் உள்ள செய்தி. எண்ணைக் கேட்டவரிடம் அமலைக் கேட்டார்கள். விசாரணைக்கும் நாம் சொல்வது ஹிசாப் என்றுதான், கணக்கு. அந்தக் கணக்கில் கேட்கப்படப்போவது நடந்தவை பற்றி.

கரையில் பெரியவருக்கு நான் சொன்ன பதில் சுருக்கமானது: "அது ஒருத்தருக்கும் தெரியாது அண்ணை. எங்கட வேதத்தில அப்பிடித்தான் கிடக்கு."

"எங்கட கோயில்லயும் அதைத்தான் சொல்லுறவை," என்றார். பிறகு வலையை ஒரு பக்கம் வைத்துவிட்டு, 1986இல் திரும்பி வராதவர்களின் பெயர்களைச் சொல்லத் தொடங்கினார். நான் கொப்பி கொண்டுபோகவில்லை. அடுத்த முறை கொண்டுபோகவேண்டும்.